போடாக்ஸ் ஊசியால் முடி கொட்டுமா? மூன்று மாதம் பின்னால் போய்ப் பார்க்கலாம்

"போடாக்ஸ் போட்டதிலிருந்து முடி கொட்டுது" என்று சென்னையில் யாராவது சொன்னால், நான் முதலில் கேட்பது "எந்த போடாக்ஸ்?" என்றுதான். இந்த ஊரில் அந்த ஒரே சொல் மூன்று வெவ்வேறு காரியங்களுக்குப் புழங்குகிறது. அண்ணா நகரிலும் வேளச்சேரியிலும் சலூன் பலகைகளில் எழுதியிருக்கும் 'ஹேர் போடாக்ஸ்' ஒன்று. நுங்கம்பாக்கம், ஆழ்வார்பேட்டை பக்கத்துத் தோல் கிளினிக்குகளில் நெற்றிச் சுருக்கத்துக்குப் போடும் ஊசி இன்னொன்று. நாள்பட்ட ஒற்றைத் தலைவலிக்காக நரம்பியல் மருத்துவர் தலையைச் சுற்றிப் போடும் ஊசி மூன்றாவது.

சலூன் சமாசாரத்தை முதலிலேயே பிரித்து வைத்துவிடலாம். அதில் ஊசியும் கிடையாது, அசல் ஊசியில் இருக்கும் போட்டுலினம் நச்சும் கிடையாது. பெயரை மட்டும் கடன் வாங்கிக்கொண்ட ஒரு கிரீம். அதைத் தடவிச் சூடான இரும்பால் இழுத்து முடியை வழுவழுப்பாக்குகிறார்கள். முடியை நேராக்கும் சில கிரீம்களில் ஃபார்மால்டிஹைடோ கிளையாக்ஸிலிக் அமிலமோ இருக்கும். சூடும் ரசாயனமும் சேர்ந்து முடித் தண்டைப் பலவீனமாக்கும், நடுவில் முறியும். கிளையாக்ஸிலிக் அமிலக் கிரீம் போட்டுக்கொண்ட ஒரு பெண்ணுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை பிரெஞ்சு மருத்துவர்கள் 2024ல் பதிவு செய்திருக்கிறார்கள். அதனால் அது தனியாகக் கவலைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் அந்த முடி இழப்பை ஊசியின் கணக்கில் எழுதக் கூடாது.

பிரித்துப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. சீப்பில் வந்த முடியை வெள்ளைக் காகிதத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு நுனியில் வெள்ளையாகச் சின்னக் குமிழ் இருந்தால் அது வேரோடு உதிர்ந்தது. இரண்டு நுனியும் மொட்டையாக, நீளம் குறைவாக இருந்தால் முறிந்தது. போர்வெல் உப்புத் தண்ணீரையும் லாரித் தண்ணீரையும் நாம் எப்போதும் திட்டுகிறோம். கடினத் தண்ணீர் முடியை வறட்டி முறிய வைக்கலாம், வேரோடு பிடுங்கிப் போடாது.

இனி உண்மையான ஊசிக்கு வருவோம். கிளாஸ்டிரிடியம் போட்டுலினம் என்ற பாக்டீரியா சுரக்கும் நச்சு அது. கெட்டுப்போன உணவில் வளர்ந்தால் ஆளையே முடக்கிப்போடும். நரம்பு, தசைக்குக் கட்டளை அனுப்பும்போது அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை வெளியே விடும். அதை வெளியே விட உதவும் ஸ்நாப்-25 என்ற புரதத்தை இந்த நச்சு வெட்டிவிடுகிறது. கட்டளை போய்ச் சேராது, தசை தளரும். மூன்று நான்கு மாதங்களில் நரம்பு தன் வேலைக்குத் திரும்பிவிடும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1989ல் மாறுகண்ணுக்கும் கண் இமைத் துடிப்புக்கும் இதை அனுமதித்தது. புருவங்களுக்கு நடுவே விழும் கோடுகளுக்கு 2002ல். நாள்பட்ட ஒற்றைத் தலைவலிக்கு 2010ல்.

மருந்தின் அளவையும் சொல்ல வேண்டும். 100 யூனிட் கொண்ட ஒரு குப்பியில் இருக்கும் நச்சுக் கூட்டுப்பொருள் சுமார் 5 நானோகிராம். ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. அது பெரும்பாலும் போட்ட இடத்தைச் சுற்றியே வேலை செய்கிறது. முடியைப் பற்றிய கேள்விக்கு இது முக்கியம். போட்ட இடத்தில் வேலை செய்யும் மருந்து முடியைப் பாதித்தால், பாதிப்பும் போட்ட இடத்தில்தான் முதலில் தெரிய வேண்டும். தலை முழுக்கப் பரவலாகக் கொட்டினால் வேறு காரணத்தைத் தேட வேண்டியிருக்கும்.

சரி, முடி உதிர்தலுக்கும் இந்த ஊசிக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லிவிடலாமா? முடியாது. அந்த மருந்தோடு வரும் அதிகாரபூர்வக் குறிப்பிலேயே முடி உதிர்தல் இருக்கிறது. புருவமும் இமை முடியும் உதிர்வதையும் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள். மருந்து சந்தைக்கு வந்த பிறகு மருத்துவர்களும் நோயாளிகளும் தாமாக அனுப்பிய புகார்களின் பட்டியலில் அது வருகிறது. எத்தனை பேருக்கு ஊசி போட்டார்கள் என்ற மொத்த எண்ணிக்கை அந்தப் பட்டியலுக்குப் பின்னால் கிடையாது. எனவே எவ்வளவு அபூர்வம் என்று அதை வைத்துக் கணக்குப் போட முடியாது. ஊசிதான் காரணம் என்று உறுதியும் செய்ய முடியாது. மறுபக்கம், ஒற்றைத் தலைவலிக்கான இரண்டு பெரிய ப்ரீஎம்ப்ட் ஆய்வுகளில் 1,384 பேர் இருந்தார்கள். அவற்றில் இந்த ஊசி போட்டுக்கொண்டவர்களிடம் அதிகம் தென்பட்ட பக்கவிளைவு கழுத்து வலி, 9 சதவீதம் பேருக்கு. கண் இமை தொங்கிப்போவது 4 சதவீதம். அடிக்கடி வந்தவற்றின் வரிசையில் முடி உதிர்தல் இல்லை.

தனித்தனி நோயாளிகளைப் பற்றி மருத்துவர்கள் எழுதிய குறிப்புகளும் உண்டு. கண் இமைத் துடிப்புக்குப் பல காலம் ஊசி போட்டுக்கொண்ட சிலருக்குப் புருவமும் இமை முடியும் குறைந்திருக்கிறது. நெற்றிச் சுருக்கத்துக்காகத் திரும்பத் திரும்ப ஊசி போட்டுக்கொண்ட சில பெண்களுக்கு முன் நெற்றியில் முடிக்கோடு பின்வாங்கியதை 2016ல் இத்தாலியத் தோல் மருத்துவர்கள் வெளியிட்டார்கள். இந்த இரண்டிலும் கவனிக்க வேண்டியது இடம்: ஊசி போட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே பாதிப்பு. அப்புறம் காலம்: ஒரு தடவையில் நடந்தது அல்ல, பல தடவை போட்ட பிறகு வந்தது.

இதற்கு நேர் எதிரான செய்தியும் இருக்கிறது. இதே மருந்தை உச்சந்தலையைச் சுற்றியுள்ள தசைகளில் போட்டால் ஆண்களின் வழுக்கை குறையுமா என்று 2010ல் ஒரு சிறு ஆய்வு வெளியானது. முடிவு வரை இருந்த 40 ஆண்களுக்குச் சராசரியாக 18 சதவீதம் முடி எண்ணிக்கை கூடியதாக அதில் இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லாத ஆய்வு அது. அதை நம்பிப் பணம் கட்டி உச்சந்தலையில் ஊசி போட்டுக்கொள்ளுங்கள் என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். ஆனால் இந்த மருந்து பட்டாலே வேர்க்கால் செத்துவிடும் என்ற பயத்துக்கு அது ஆதரவாக இல்லை.

இனி என் சித்தி மகள் கதை. பெரம்பூரில் இருக்கிறாள், முப்பத்தாறு வயது. மாதத்தில் பாதி நாள் தலைவலியோடு கிடந்தவள். மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ தலைவலி, அதில் 8 நாளாவது ஒற்றைத் தலைவலி, அதுவும் மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்தால் அதை நாள்பட்ட ஒற்றைத் தலைவலி என்கிறார்கள். மாத்திரைகள் ஒத்துவராமல் போய், போன வருடம் ஜூனில் ஊசி ஆரம்பித்தாள். ஒரு தடவைக்கு 155 யூனிட், 31 இடங்களில்: நெற்றி, புருவங்களுக்கு நடுவே, இரண்டு நெற்றிப்பொட்டுகள், பின்மண்டை, கழுத்து, தோள்பட்டை. 12 வாரத்துக்கு ஒரு முறை. இரண்டாவது செப்டம்பரில், மூன்றாவது டிசம்பர் முதல் வாரம். தலைவலி நாட்கள் பாதிக்கு மேல் குறைந்துவிட்டன. குழந்தையின் ஆண்டு விழாவுக்கு இந்தத் தடவைதான் முழுசாக உட்கார்ந்து பார்த்தேன் என்றாள்.

டிசம்பர் கடைசியில் போன் வந்தது. "அக்கா, தலைவலி போகணும்னு ஊசி போட்டா முடி போயிடும் போலிருக்கே. தலைக்குக் குளிச்சா கை நிறைய வருது. அடுத்த ஊசிக்குப் போகமாட்டேன்." மருத்துவரிடம் கேட்டிருக்கிறாள். அவர் கணினியிலிருந்து தலையைத் தூக்காமல் "அதெல்லாம் ஊசியால வராது" என்று ஒரு வரியில் முடித்துவிட்டார். அது எனக்கு உண்மையாகவே கோபம் வரவழைத்தது. வர வாய்ப்புக் குறைவு என்பது ஒரு பதில். வரவே வராது என்பது மருந்துக் குறிப்பிலேயே இல்லாத பதில். அப்படித் தட்டிக்கழித்தால், நோயாளி தானாக முடிவெடுத்து, பலன் தந்துகொண்டிருக்கும் சிகிச்சையை நிறுத்திவிடுகிறார்.

இந்தக் கணக்கைப் போட, முடி எப்படி உதிர்கிறது என்று தெரிய வேண்டும். தலையில் சுமார் ஒரு லட்சம் முடி இருக்கிறது. அவற்றில் 85 முதல் 90 சதவீதம் வளரும் கட்டத்தில் இருக்கும். அது சில வருடங்கள் நீடிக்கும். மீதி ஓய்வில் இருக்கும். ஓய்வுக்குப் போன முடி சுமார் மூன்று மாதம் அப்படியே தலையில் நின்று, பிறகுதான் விழும். தினம் நூறு வரை விழுவது சாதாரணம். உடம்புக்குப் பெரிய அதிர்ச்சி ஒன்று வந்தால், கடும் காய்ச்சல், பிரசவம், அறுவை சிகிச்சை, பட்டினி உணவுமுறை என்று எதுவானாலும், வளர்ந்துகொண்டிருந்த முடிகளில் நிறைய ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய்விடும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று மாதம் கழித்து, உடம்பு தேறி, காய்ச்சலையே மறந்துவிட்ட நேரத்தில், மொத்தமாகக் கொட்டும். அதனால்தான் கொட்டும் நாளில் காரணத்தைத் தேடக் கூடாது. காலண்டரை மூன்று மாதம் பின்னால் புரட்ட வேண்டும்.

இங்கேதான் ஊசிக்காரர்களுக்கு ஒரு சிக்கல். 12 வாரத்துக்கு ஒரு முறை ஊசி போடுகிறவருக்கு, எந்த நாளில் முடி கொட்ட ஆரம்பித்தாலும் அதற்கு மூன்று மாதத்துக்குள் ஒரு ஊசி கட்டாயம் இருந்திருக்கும். எந்தக் காரணத்தால் கொட்டினாலும் ஊசி பக்கத்திலேயே நிற்கும், பழி அதன் மேல் விழும்.

சித்தி மகளோடு உட்கார்ந்து இதைத்தான் எழுதிப் பார்த்தோம். டிசம்பர் ஊசிக்கும் கொட்டலுக்கும் இடையே இரண்டரை வாரம்தான். ஓய்வுக்குப் போய் விழ அது போதாது. செப்டம்பர் ஊசி கணக்குக்குப் பொருந்துகிறது, அதை மறுக்க முடியாது. ஆனால் ஜூன் ஊசியும் அதே மருந்து, அதே அளவு. அதற்குப் பிறகு செப்டம்பரில் ஒன்றும் கொட்டவில்லை. ஊசி போட்ட 31 இடங்களில் ஏறக்குறைய பாதி, நெற்றிப்பொட்டும் பின்மண்டையும், முடி இருக்கும் பகுதி. அங்கே மட்டும் தனியாகக் குறைந்திருக்கிறதா என்று பார்த்தோம். இல்லை, தலை முழுக்க ஒரே மாதிரி, வகிடு அகலமாகியிருந்தது. அப்புறம் அவள் காலண்டரில் அக்டோபர் இரண்டாவது வாரத்தில் அவள் கையால் எழுதியிருந்தது: டெங்கு, ஐந்து நாள் ஆஸ்பத்திரி. மழை ஆரம்பித்தால் இந்த ஊரில் எந்தத் தெருவிலும் நடப்பதுதான். அவளே அதை மறந்துபோயிருந்தாள்.

தோல் மருத்துவரிடம் போனபோது ஃபெரிட்டின், தைராய்டு, முழு ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். ஃபெரிட்டின் என்பது உடம்பில் இரும்புச்சத்து எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் அளவு. அவளுக்கு 9 வந்தது, மிகவும் குறைவு. இது அபூர்வமே இல்லை. 2019–21ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். முடி கொட்டுகிறது என்று எண்ணெயும் ஷாம்பூவும் மாற்றுகிற வீடுகளில் இந்த ஒரு பரிசோதனையைத் தள்ளிப்போடுவதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. பரிசோதனைக்கு முன் ஒன்று: முடிக்காகப் பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் லேபில் அதைச் சொல்ல வேண்டும். அதிக அளவில் சாப்பிட்டால் தைராய்டு அளவைத் தப்பாகக் காட்டிவிடும்.

டெங்குவும் இரும்புச்சத்தும் ஒருத்தியின் காரணம். ஒற்றைத் தலைவலிக்காரர்களிடம் அடிக்கடி தவறவிடப்படும் இன்னொரு காரணம் மாத்திரைப் பெட்டியில் இருக்கிறது. ஊசிக்கு முன்போ அதோடு சேர்த்தோ கொடுக்கும் தடுப்பு மருந்துகளில் வால்புரோயேட்டுக்கு முடி உதிர்தல் நன்கு தெரிந்த பக்கவிளைவு. அளவு கூடினால் உதிர்வும் கூடும், திரும்ப முளைக்கும் முடி சிலருக்குச் சுருளாக வரும். டோபிரமேட்டும் புரோப்ரனலாலும் கூட அந்தப் பட்டியலில் உண்டு. இவற்றைச் சட்டென்று தானாக நிறுத்தக் கூடாது. குறிப்பாகப் புரோப்ரனலாலைத் திடீரென்று விட்டால் இதயத்துடிப்பு எகிறலாம். போடாக்ஸ் அல்லாத, மாதம் ஒரு முறை தோலுக்கடியில் போடும் புதிய வகை ஒற்றைத் தலைவலி ஊசிகளும் இருக்கின்றன. அவற்றில் எரெனுமாப் மருந்தின் குறிப்பில் முடி உதிர்தல் பின்னர் சேர்க்கப்பட்டது. எனவே "தலைவலி ஊசி" என்று சொல்லும்போது எந்த ஊசி என்று பெயரைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

அழகுக்கு ஊசி போடுகிறவர்களிடம் வேறு விதமான குழப்பம். முகத்துக்குப் போகும் கிளினிக்கில் வேறு பலதும் ஒன்றாகத் தொடங்கியிருக்கும். உடல் எடை குறைக்கும் ஊசி இப்போது சென்னையில் பரவலாகிவிட்டது. செமாக்ளூட்டைடை எடைக்குறைப்புக்குப் போட்டவர்களில் 3 சதவீதம் பேர் முடி உதிர்வதாகச் சொன்னார்கள், மருந்தில்லாத ஊசி போட்டவர்களில் 1 சதவீதம் பேர். வேகமாக எடை இறங்குவதே உடம்புக்கு அதிர்ச்சி. முடி வளர்வதற்கான மினாக்ஸிடில் மருந்தைத் தடவ ஆரம்பித்திருந்தால் முதல் சில வாரங்களில் பழைய முடி கொஞ்சம் கூடுதலாக விழும். அது பயப்பட வேண்டியதில்லை. தாடைக்கடியில் கொழுப்பைக் கரைக்கப் போடும் டீஆக்ஸிகோலிக் அமில ஊசி ஆண்களுக்கு அந்த இடத்தில் தாடி முடியை உதிர வைக்கலாம். முகத்தில் பள்ளங்களை நிரப்பப் போடும் ஃபில்லர் ஊசி தவறி ரத்தக்குழாயை அடைத்தால் தோலே பாதிக்கப்படும், நெற்றியிலும் பொட்டிலும் போட்டபோது மேலே தலையில் திட்டாக முடி போன சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. ஊசி போட்டவுடன் கடும் வலி, தோல் வெளுத்தோ வலைப்பின்னல் போல நீலமாகவோ மாறினால் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது.

நான் அதிகம் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. நாற்பதுகளின் கடைசியிலும் ஐம்பதுகளிலும் இருக்கும் பெண்கள் நெற்றிக்கு ஊசி போட்டுக்கொள்கிறார்கள். அதே வயதில், பெரும்பாலும் மாதவிடாய் நின்ற பிறகு, பெண்களுக்கு வரும் ஒரு நோய் உண்டு: முன் நெற்றி முடிக்கோடு மெல்ல மெல்லப் பின்வாங்கி, அந்த இடம் தழும்பாகி, வேர்க்கால் நிரந்தரமாக அழிந்துபோகும். பலருக்குப் புருவம் முதலில் மெலியும். 1994ல்தான் ஆஸ்திரேலியாவில் இதை முதலில் விவரித்தார்கள். இப்போது உலகமெங்கும் கூடுதலாகத் தென்படுகிறது. போடாக்ஸ் போட்ட நெற்றியில் முடிக்கோடு ஏறினால், ஊசியால் என்று நினைத்து ஊசியை மட்டும் நிறுத்திவிட்டு, திரும்ப முளைக்கும் என்று காத்திருக்க நேரிடும். ஊசியால் வந்ததாக எழுதப்பட்ட அந்த இத்தாலியப் பெண்களின் தோற்றமும் இந்த நோயைப் போலவே இருந்தது. இரண்டையும் கண்ணால் மட்டும் பிரிக்க முடியாது. தோல் மருத்துவர் டிரைக்கோஸ்கோப் கருவியை வைத்து வேர்க்கால் வாய்களைப் பெரிதாக்கிப் பார்ப்பார். தேவைப்பட்டால் சிறு தோல் துணுக்கை எடுத்துப் பரிசோதிப்பார். தழும்பாகும் வகை என்றால் இழந்தது திரும்ப வராது. சீக்கிரம் கண்டால் மேலும் பரவாமல் நிறுத்தலாம். எனவே உங்கள் புருவம் மெலிகிறது, நெற்றி ஓரத்தில் குட்டி முடிகளே இல்லாமல் தோல் வெளிறிப் பளபளக்கிறது என்றால் அது ஊசியா வேறா என்று வீட்டில் விவாதிக்காமல் இந்த மாதமே போய்க் காட்டுங்கள். ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் ஸ்டான்லியிலும் கீழ்ப்பாக்கத்திலும் தோல் நோய்ப் பிரிவுகள் இருக்கின்றன; தனியார் கிளினிக் செலவுக்குப் பயந்து தள்ளிப்போட வேண்டாம்.

திடீரென்று காசு அளவுக்கு வட்டமாக ஓரிடத்தில் மட்டும் வழித்தெடுத்த மாதிரி இருந்தால் அது பெரும்பாலும் புழுவெட்டு. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே வேர்க்காலைத் தாக்குவது. அதற்கும் தனி வைத்தியம் உண்டு.

ஊசிதான் காரணமோ என்ற சந்தேகம் எல்லாம் பார்த்த பிறகும் மிஞ்சினால், அதைப் பதிவு செய்ய வழி இருக்கிறது. இந்திய மருந்துப் பாதுகாப்புக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800-180-3024. மருத்துவர்தான் சொல்ல வேண்டும் என்றில்லை, நோயாளியே சொல்லலாம். ஊசியின் பெயர், குப்பியில் உள்ள தொகுதி எண், போட்ட தேதி, எத்தனை யூனிட் என்று ஒவ்வொரு தடவையும் கேட்டு வாங்கி வைத்திருந்தால்தான் அந்தப் புகாருக்கு மதிப்பு. ஒரு நிறுவனத்தின் யூனிட்டும் இன்னொன்றின் யூனிட்டும் சமம் அல்ல என்பதால் பெயரும் அவசியம். விவரத்தைத் தர மறுக்கும் இடத்தில் ஊசி போட்டுக்கொள்ள வேண்டாம் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

சித்தி மகள் மார்ச் ஊசியை நிறுத்தவில்லை. இரும்புச்சத்து மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டாள், டீயோடு சேர்த்துச் சாப்பிடுவதை விட்டாள். ஏப்ரலில் கொட்டுவது குறைந்தது. ஊசி தொடர்ந்தும் கொட்டல் குறைந்தது என்பதே அவள் விஷயத்தில் எங்களுக்குக் கிடைத்த வலுவான சாட்சி. முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும், ஆகவே பின்னல் பழைய தடிமனுக்கு வர இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். ஜூனில் வீட்டுக்கு வந்தபோது முன் நெற்றியில் விரல் கடை நீளத்துக்கு நட்டுக்கொண்டு நின்ற புது முடிகளைத் தண்ணீர் தொட்டுப் படிய வைக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வாரம்தான் அவளுக்கு அடுத்த ஊசி.